கல்வத்தில் இங்கிலீஷ்

கசாயம் எட்டுக்கு ஒண்ணா வத்தணும், வத்தினதும் ஒரு குரல் குடுன்னு சொல்லிட்டு இவர் வைத்தியம் பாக்கற முன்னறைக்குப் போயிட்டார். நான் அடுப்புக்கு எதிர்ல பலகையைப் போட்டு உக்காந்து அவரைக்காய் நாரு உரிக்கிற சாக்குல மண்சட்டியையே பாத்துகிட்டிருக்கேன். பாதிக்கு மேல வத்திப்போச்சு. வத்தாதே தாயி, வத்தாதேன்னு கசாயத்தைக் கும்புடற பொம்பளை இந்தத் துறையூர்லயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். அது வத்திடுச்சுன்னா இவர் கூப்புடுவார். ‘தவமணி, முதல் வேளை உன் கையால குடும்மா, உன் கைராசிதான் ராசி’ம்பார். நான் போயி அந்தப் பொண்ணு இலக்கியா கையில டம்ளரைக் குடுக்கணும். அது குடிக்கும். குடிச்சதுலேருந்து ஊசியை விட்டுடும். சின்னப் புள்ளையிலேருந்து வயித்துல ஊசி குத்திக்கிட்டுத்தான் அது உசுரோட இருக்கு. நமக்கெல்லாம் வயசானா வர்ற சக்கரை வேற, சின்னஞ்சிறுசுங்களுக்கு வர்ற சக்கரை வேற, அதுங்களுக்கு ஊசியை நிறுத்தினா ஆளைச் சாச்சுப்புடும்னு திருச்சி ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் எனக்குச் சொல்லியிருக்கா. இவருக்கு ரெண்டும் ஒரே மதுமேகம்தான். என் மருந்து என் சக்கரையை எறக்கிடுச்சு, அந்தப் பொண்ணோடதையும் எறக்கும்னு உக்காந்திருக்கார். இவர் சக்கரையை எறக்கினது இவர் மருந்தே இல்ல. நான் பொடிச்சுக் கலந்த இங்கிலீஷ் மாத்திரை. அது இந்த வீட்டுல எனக்கும் மருந்து அரைக்கிற அந்தக் கல்வத்துக்கும்தான் தெரியும். இப்ப நான் என்ன பண்ணுவேன்.

திரைக்கு அந்தப் பக்கம் பவானி பேசறா. அவதான் பொண்ணோட அம்மா, கடைவீதியில ஜவுளிக்கடையில சேலை எடுத்துப் போடற வேலை. ‘இங்கிலீஷ் மருந்துல பாத்துப் பாத்து அலுத்துட்டோம் ஐயா’ங்கறா. இங்கிலீஷ்ங்கற சொல்லு காதுல விழுந்தாலே நான் இப்பல்லாம் திரும்பிப் பாத்துடறேன். யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்புட்டாப்புல. ஊர்ல அதைச் சொல்லாம ஒரு நாள் போகுதா? போன பொங்கலுக்கு இதே பவானிதான் ஒரு சேலையை விரிச்சுப் போட்டு, ‘அக்கா, இது இங்கிலீஷ் கலர், உங்க நெறத்துக்கு எடுப்பா இருக்கும்’னா. பச்சையும் இல்லாம சாம்பலும் இல்லாம அழுது வடிஞ்ச ஒரு கலர். நம்ம பக்கத்துல பளீர்னு இருந்தா தமிழ்க் கலரு, மங்கிப்போயி இருந்தா இங்கிலீஷ் கலரு போலன்னு நெனச்சுகிட்டேன். வாங்கியும் வந்தேன். இவர் பாத்துட்டு, ‘என்ன, பழைய சேலையா’ன்னார். காய்கறிக்காரர் வண்டியைத் தள்ளிகிட்டு வந்தா, ‘நாட்டுக்காயா இங்கிலீஷ் காயா’ன்னு கேப்பார். கேரட்டு, பீன்ஸு, கோசு எல்லாம் இங்கிலீஷ். இந்த வீட்டு வாசப்படியை அது ஏறக்கூடாது. அதனாலதான் வருஷம் பூரா அவரைக்காய், புடலங்காய், கொத்தவரங்காய். எங்கம்மா காலத்துல எல்லாத்துக்கும் சீமைன்னாங்க, சீமையெண்ணெய், சீமை ஓடு, சீமைச் சரக்குன்னு. அந்தச் சீமை எப்ப இங்கிலீஷ் ஆச்சோ. பஸ் ஸ்டாண்டு பின்னாடி இருந்த கொட்டாயில காலைக் காட்சிக்கு இங்கிலீஷ் படம்னு எழுதிப் போட்டிருப்பான், அந்தப் பக்கம் தலையைத் திருப்பாம நடன்னு எங்கம்மா கையை இறுக்கிப் புடிச்சு இழுத்துகிட்டுப் போவா. எங்க அண்ணன் நல்லா இருக்கறப்ப வாயத் தெறக்க மாட்டான், உள்ள கொஞ்சம் போச்சுன்னா இங்கிலீஷா வந்து கொட்டும். அண்ணி சொல்லுவா, ‘இன்னைக்கு இங்கிலீஷ் வந்துடுச்சு, கதவைச் சாத்து’ன்னு. ஓசூர்ல எங்க பேரன் படிக்கறது இங்கிலீஷ் மீடியம். போன்ல அவன் ஏதோ கேப்பான், நான் ஏதோ சொல்லுவேன், ரெண்டு பேரும் சிரிச்சுட்டு வெச்சுடுவோம். அய்யோ, நான் என்ன இங்க உக்காந்து ஊர்க்கதை பேசிகிட்டு. சட்டி. சட்டியைப் பாரு. ஓரத்துல கறுப்பா வளையம் கட்டுது.

ஒரு சொம்பு தண்ணி ஊத்தினேன். யாரும் பாக்கல. ஊத்தினதும் கொதி அடங்கிச்சு, எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. ‘என்ன தவமணி, ஆயிடுச்சா? மணம் வந்துச்சே, இப்பக் காணோம்’னு முன்னறையிலேருந்து கேக்கறார். பாத்தியா மூக்கை! ‘இன்னும் இல்லீங்க, தீயைத் தணிச்சு வெச்சிருக்கேன்’னேன். பொய். வர வர பொய்யெல்லாம் தானா வருது, உப்பு போடற மாதிரி கை தன்னால போடுது. இந்த மூக்கை வெச்சுகிட்டு இந்த மனுஷன் எப்படி அத்தனை நாளும் கண்டுபுடிக்காம இருந்தார்னு எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஒரே ஒரு தடவை, மழை நாள், தேன்ல கொழைச்ச சூரணப் பொடியை வாயில போட்டுகிட்டு மூஞ்சியைச் சுளிச்சார். ‘தவம், இதுல ஒரு மீன் வாடை அடிக்குதே.’ ‘பாத்திரம் சரியாக் கழுவலை போல’ன்னேன். மீனே வராத வீட்டுல பாத்திரத்துல எங்கேருந்து மீன் வாடை வரும்? அதையும் நம்பினார். நம்பற ஆளை ஏமாத்தறது எவ்வளவு சுலபமா இருக்கு பாரு, அதுதான் பயமா இருக்கு.

நான் வேணும்னேவா ஆரம்பிச்சேன்? பச்சைமலைக்கு மூலிகை பறிக்கப் போன மனுஷன் பாதி ஏத்தத்துல சாஞ்சுட்டார்னு ஆளு வந்து சொன்னான். திருச்சிக்குத் தூக்கிகிட்டு ஓடினோம். கட்டிலைச் சுத்தி நின்னுகிட்டு ரெண்டு டாக்டருங்க அதுவரைக்கும் என்கிட்ட தமிழ்ல பேசிகிட்டிருந்தவங்க, ஒரு காகிதத்தைப் பாத்ததும் தங்களுக்குள்ள இங்கிலீஷ்ல பேச ஆரம்பிச்சாங்க. எனக்கு உசுரே போயிடுச்சு. எங்கப்பா சாகறப்பவும் அப்படித்தான், திடீர்னு டாக்டருங்க இங்கிலீஷுக்கு மாறினாங்க, அடுத்த நாள் தூக்கிட்டோம். பக்கத்து வீட்டு வாத்தியாரும் அவர் சம்சாரமும் அப்படித்தான், புள்ளைங்களுக்குத் தெரியக்கூடாத சண்டைன்னா இங்கிலீஷ்ல போடுவாங்க. எல்லாரும் இங்கிலீஷுக்குள்ள எதையாச்சும் ஒளிக்கறாங்க. நான் இங்கிலீஷையே ஒளிச்சேன். அந்த நர்ஸுதான் பாவம், என்னைத் தனியாக் கூப்புட்டு, ‘பயப்படாதீங்கம்மா, சக்கரை ஏறிடுச்சு, மாத்திரை விடாமப் போட்டா நல்லா இருப்பாரு’ன்னு புரியற மாதிரி சொன்னா. சின்னப் புள்ளைங்க சக்கரையைப் பத்தியும் அப்பத்தான் சொன்னா, பக்கத்துக் கட்டில்ல ஒரு பையன் கெடந்தான், ஊசியை நிறுத்தினதால வந்தவன். வீட்டுக்கு வர்ற வழியில மண்ணச்சநல்லூர் தாண்டினதும் இவர் மாத்திரைப் பையை எடுத்து பஸ் சன்னல் வழியா விட்டெறிஞ்சார். ‘எங்கப்பன் எழுதி வெச்ச போர்டை நான் எந்த மூஞ்சியோட பாப்பேன்?’ன்னார். வாசல்ல இன்னும் தொங்குது அந்தப் போர்டு, ‘இங்கிலீஷ் மருந்து கைவிட்டவர்கள் இங்கு வரலாம்’. எழுத்து பாதி அழிஞ்சுடுச்சு, கைவிட்டவர்கள் மட்டும் நல்லாத் தெரியுது. பையைத்தான் எறிஞ்சார், டாக்டர் எழுதின சீட்டு என் பர்ஸ்ல இருந்துச்சு. அப்பவும் நான் ஒண்ணும் பண்ணல. கால் கட்டை விரல்ல ஒரு புண்ணு வந்துச்சு. ஆறல. எண்ணெய் போட்டார், பத்து போட்டார், ஆறல. ஒரு நாள் கழுவி விடறேன், கறுத்திருக்கு, இவருக்கு வலியே தெரியல. எதிர்வீட்டு மரக்கடைக்காரருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சு முட்டியோட எடுத்தாங்க. நான் அன்னைக்கே பஸ் ஏறி முசிறிக்குப் போனேன். உள்ளூர்ல வாங்கினா வைத்தியர் பொண்டாட்டி இங்கிலீஷ் மருந்து வாங்கறான்னு நாலு நிமிஷத்துல ஊரு சிரிச்சிருக்கும். தலையில முக்காட்டைப் போட்டுகிட்டு, சாராயக்கடைக்கு முன்னாடி நிக்கற குடும்பஸ்தன் மாதிரி அக்கம்பக்கம் பாத்துகிட்டு மருந்துக் கடையில சீட்டை நீட்டினேன். அந்தப் பையன், ‘யாருக்கும்மா?’ன்னான். ‘எனக்குத்தான்’னேன்.

இவங்க குடும்பத்துல ஒரு வழக்கம் உண்டு. வைத்தியன் தன் மருந்தைத் தன் கையால எடுத்து உண்ணக்கூடாது, இன்னொருத்தர் கையால வாங்கித்தான் உண்ணணும். அப்படிச் சாப்பிட்டாத்தான் பலிக்கும்பாங்க. காலையிலயும் ராத்திரியும் சூரணத்தைத் தேன்ல கொழைச்சு நான்தான் குடுக்கணும். அந்த வழக்கம்தான் எனக்கு வாசலைத் தெறந்து விட்டுச்சு. கல்வத்துல போட்டு நைசா அரைச்சு சூரணத்தோட கலந்துடுவேன். வேற எதுல அரைக்கறது? அம்மியில அரைச்சா சமையல்ல ஒட்டும். கல்வம் கறுங்கல்லு, இவங்க தாத்தா காலத்துது, நடுவுல தேஞ்சு தொட்டி மாதிரி பள்ளம் விழுந்திருக்கும். வெள்ளை மாத்திரையை அதுல வெச்சு ஒரு இழுப்பு இழுத்தா மாவாயிடும். கழுவுவேன், திரும்பத் திரும்பக் கழுவுவேன், காய வெச்சு விரலால தடவிப் பாப்பேன். கல்லோட கண்ணுல எங்கேயாச்சும் வெள்ளையா ஒட்டியிருக்கோன்னு எனக்கு ராவெல்லாம் அதே நெனப்பு. அதே கல்வத்துலதானே கைப்புள்ளைக்கு மாந்தத்துக்கும் இவர் உரைச்சுக் குடுக்கறார். ஒரு துளி இருந்துட்டா? இருக்காது. கழுவிட்டேனே. இருந்துட்டா? புண்ணு ஆறிடுச்சு. கட்டை விரல்ல தோலு ரோஜா நெறத்துல புதுசா வந்துச்சு. இவர் காலை நீட்டி என்கிட்டக் காமிச்சு, சின்னப் பையனாட்டம், ‘பாரு, பாரு’ன்னார். நான் பாத்தேன். சாமி, அந்தச் சந்தோசத்துக்கு நான் எதை வேணும்னாலும் பொடிச்சுப் போட்டிருப்பேன்.

ஆனா இதை யோசிக்கலையே. இதை நான் யோசிக்கவே இல்லையே. இவர் மத்த வைத்தியருங்க மாதிரி இல்ல. புது மருந்தை முதல்ல தன் உடம்புல பாத்துட்டுத்தான் அடுத்தவனுக்குக் குடுக்கணும்னு இவங்கப்பா சாகறப்ப கையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்கார். இவர் ஒரு தடவை கூட மீறினதில்ல. இந்தச் சூரணமும் கசாயமும் மலையில சாஞ்சு விழுந்ததுக்கப்புறம் இவரே சேத்துக் கட்டினது. பவானி போன வருஷமே வந்து கால்ல விழுந்தா. ‘மாட்டேன்’னுட்டார். ‘என் உடம்பு சொல்லட்டும், அப்ப வா.’ ரத்தம் குடுத்துப் பாக்க இவரே லேபுக்குப் போனார். ‘அது இங்கிலீஷ் இல்லையா’ன்னு நான் கேட்டேன், ஒரு நப்பாசை, போகாம இருக்கட்டுமேன்னு. ‘தராசு யாருதா இருந்தா என்ன, நிறுக்கறது என் உடம்பு’ன்னார். எறங்கியிருந்துச்சு. நல்லா எறங்கியிருந்துச்சு. லேபுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்து மனுஷன் அழுதார். கல்யாணமாகி வந்ததுலேருந்து நான் இவர் அழுது பாத்ததில்ல. ‘எங்கப்பா பாக்கலையே தவம்’னார். என் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திகிட்டு, ‘உன் கைராசி’ன்னார். அப்ப சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. திருடனுக்குத் தேள் கொட்டினாப்புல நின்னேன். மடியில நெருப்பைக் கட்டிகிட்டு அத்தனை நாளும் சோறு பொங்கிப் போட்டேன். தன் உடம்பையே சாட்சியா வெச்ச மனுஷன், அந்தச் சாட்சியை நான் கலைச்சுட்டேன். இப்ப அந்தப் பொய்ச் சாட்சியை நம்பி அந்தப் பொண்ணு வயித்து ஊசியை எடுக்கறார்.

‘பெரியம்மா, கொஞ்சம் தண்ணி.’ தூக்கிவாரிப் போட்டுச்சு. திரையை ஒதுக்கிகிட்டு இலக்கியா நிக்குது. மெலிசான பொண்ணு, கண்ணு மட்டும் பெருசு, அந்த இங்கிலீஷ் கலர் சேலை மாதிரி மூஞ்சி வெளிறிக் கெடக்கு. சொம்புலேருந்து ஊத்திக் குடுத்தேன். மடக்கு மடக்குன்னு குடிச்சுட்டு டம்ளரை நீட்டுது, ‘இன்னும்’. ஊத்தினேன். ‘காலேஜுக்குப் போகலையா கண்ணு?’ன்னேன், வேற என்ன கேக்கறதுன்னு தெரியாம. ‘லீவு போட்டுட்டேன். மூணாவது வருஷம், பி.ஏ. இங்கிலீஷ்.’ அடக் கடவுளே, இங்கயுமா. ‘கசக்குமா பெரியம்மா மருந்து?’ ‘கசக்கும்.’ ‘பரவால்ல, குத்தாதுல்ல’ன்னு சிரிக்குது. உதடு வறண்டு வெடிச்சிருக்கு. ‘அம்மா சொல்லுது, பேசி வெச்சிருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்கு ஊசி விஷயம் தெரியாது, தெரிஞ்சா வேணாம்னுடுவாங்கன்னு. ஆனா எனக்கு அதுக்கில்ல பெரியம்மா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஊசி இல்லாம எந்திரிச்சா எப்படி இருக்கும்னு பாக்கணும். அதான் நேத்து ராத்திரியே போடல. இன்னைக்கும் போடல. நல்ல நாள், வளர்பிறை, ஊசி எதுக்குன்னு அம்மாவும் சொன்னுச்சு.’ சொல்லிகிட்டே திரும்பவும் டம்ளரை நீட்டுது. ஊத்தினேன், தண்ணி அது கையில சிந்திச்சு. கிட்டக்க வந்துச்சு பாரு, அது வாயிலேருந்து ஒரு வாடை, கனிஞ்சு அழுகப்போற பழத்தோட வாடை. அந்தத் திருச்சிப் பையன் கட்டில்கிட்டயும் இதே வாடைதான். மூச்சு வேற மேல மேல வாங்குது. ‘மாடி ஏறினியா’ன்னேன். ‘இல்லையே.’ வயித்தைப் புடிச்சுகிட்டு, ‘ஒரு மாதிரி பொரட்டுது, பயம் போல’ன்னு திரையைத் தள்ளிகிட்டுப் போயிடுச்சு.

என்ன பண்றது? சட்டியைத் தட்டி விட்டுடலாம். தட்டி விட்டா நாளைக்கு வேற சட்டி. பவானியைத் தனியாக் கூப்புட்டு, ஊசியை நிறுத்தாதேடின்னு காதுல சொல்லிடலாம். ஏன்க்கான்னு கேப்பா. என்ன சொல்லுவேன்? உங்க வீட்டுக்காரர் மருந்துல உங்களுக்கே நம்பிக்கை இல்லையான்னு நாளைக்கு ஜவுளிக்கடையில எல்லாச் சேலைக்கும் சொல்லுவா. பொண்ணை மட்டும் ரகசியமா ஊசி போட்டுக்கச் சொல்லலாம். அப்ப அதுக்கும் எறங்கும், இவர் மருந்து இன்னொரு தடவை ஜெயிக்கும், அடுத்து அடுத்துன்னு வருவாங்க, எத்தனை பேர் வீட்டுல போயி நான் ரகசியமாப் பொடிக்கறது? சொன்னா இந்த மனுஷன் செத்துடுவார். உடம்பு இல்ல, உள்ள இருக்கறது. அப்பாவோட போர்டு, தாத்தாவோட கல்வம், கையில அடிச்ச சத்தியம், எல்லாத்துலயும் பொண்டாட்டியே மண்ணை அள்ளிப் போட்டான்னு. என் கையால ஒரு வாய்த் தண்ணி கூட இனிமே வாங்க மாட்டார். எனக்குத் தெரியும் இவரை. சொல்லாம விட்டா? சொல்லாம விட்டா அந்தப் பொண்ணு நாளைக்கு எந்திரிக்காது. ஊசி இல்லாம எந்திரிக்கணும்னுச்சே, எந்திரிக்கவே எந்திரிக்காது. வத்திடுச்சு. சட்டிக்குள்ள குமிழி பெருசு பெருசா வெடிக்குது. நான் கூப்புடல. இவரே கூப்புடறார், மூக்குக்காரர். ‘தவமணி, ஆயிடுச்சு, எறக்கிக் கொண்டா. உன் கையாலயே குடு.’

வடிகட்டினேன், டம்ளர்ல ஊத்தினேன். இத்தனை வருஷம் செஞ்ச கை, அதுபாட்டுக்குச் செய்யுது. அரிசி டின்னுக்குள்ளேருந்து மாத்திரை அட்டையை எடுத்து இடுப்புல சொருகினதும் அந்தக் கைதான், நான் இல்ல. திரையை ஒதுக்கினா மூணு பேரும் என்னையே பாக்கறாங்க. பவானி கும்புட்டுகிட்டு நிக்கறா, கண்ணுல தண்ணி. இலக்கியா சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கு. இவர் திருநீறு பூசி, துவைச்ச வேட்டி கட்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கார். ‘குடும்மா’ங்கறார். பொண்ணு கையை நீட்டிச்சு. நான் டம்ளரைக் குடுக்கல. சன்னல் கட்டையில வெச்சேன். ‘என்னங்க’ன்னேன். ‘என்ன?’ ‘இது உங்களுக்கு எறக்கலைங்க.’ ‘எது?’ இடுப்புலேருந்து அட்டையை எடுத்து அவர் முன்னாடி வெச்சேன். ‘இதுதாங்க எறக்கிச்சு. உங்க கால்ல புண்ணு ஆறாம இருந்துச்சுல்ல, அன்னைலேருந்து. தினம் பொடிச்சு உங்க சூரணத்துல கலந்தேன். என் கைராசி இல்லீங்க. இங்கிலீஷ் மாத்திரை.’

பவானிதான், ‘என்னக்கா சொல்றீங்க, நல்ல நாள் அதுவுமா என்னக்கா இது?’ன்னு கத்தினா. இவர் அந்த அட்டையைத் தொடல. குனிஞ்சு அதையே பாத்துகிட்டிருந்தார். முகத்துல இருந்த திருநீறு மட்டும்தான் முகம் மாதிரி இருந்துச்சு. அப்புறம் கேட்டார், சத்தமே இல்லாம. ‘எதுல பொடிச்ச?’ ‘கல்வத்துல.’ கண்ணை மூடிகிட்டார். ‘கழுவினியா?’ ‘வெந்நீர் ஊத்திக் கழுவினேங்க. தினம் கழுவினேன். சத்தியமாக் கழுவினேன்.’ அழுகை வந்துடுச்சு எனக்கு, வெக்கமில்லாம எல்லார் முன்னாலயும் நின்னு அழறேன். ‘அந்தப் பொண்ணு நேத்துலேருந்து ஊசி போடலைங்க. வாயில வாடை வருது. கிட்டப் போயிப் பாருங்க.’ இவர் எந்திரிச்ச வேகத்துல முக்காலி உருண்டுச்சு. பொண்ணு மணிக்கட்டைப் புடிச்சார். வாய்கிட்ட குனிஞ்சார். அந்த மூக்கு. ஒரே நொடி. ‘ஊசி எங்க இருக்கு பாப்பா?’ ‘வீட்டுல.’ ‘பவானி, ஆட்டோவைப் புடி. வீட்டுக்குப் போகாத. நேரா இங்கிலீஷ் டாக்டர்கிட்டப் போ. ராத்திரியிலேருந்து போடலைன்னு சொல்லு, மறைக்காம சொல்லு. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சாத் தெரியட்டும், பொண்ணு இருந்தாத்தானே மாப்பிள்ளை!’ இங்கிலீஷ்ங்கற சொல்லை அவர் அவ்வளவு சாதாரணமாச் சொல்லி நான் கேட்டதே இல்ல, பால்காரர்கிட்டப் போம்பாரே அது மாதிரி. பொண்ணை அவரே தாங்கிப் புடிச்சு வாசல் வரைக்கும் கொண்டு போனார். போறப்ப அது என்னைத் திரும்பிப் பாத்துச்சு. கோவமா, நன்றியான்னு எனக்குப் புரியல. ஊசி இல்லாத ஒரு நாள் கேட்டுச்சே, அதையும் நான் புடுங்கிகிட்டேன்.

அப்புறம் என்ன, அவரைக்காய்தான். பாதி கிள்ளினது பாதி கெடக்கு. கிள்ளினேன். முன்னறையில சத்தமே இல்ல. கதவைச் சாத்தலை, வெளிய போகலை, இருமக்கூட இல்ல. போயிப் பாக்கலாமா? என்ன மூஞ்சியோட? நேரா வந்து நாலு அறை விட்டாக்கூட நிம்மதியா இருக்கும், கை நீட்டற ஆளும் இல்ல. உங்கப்பா வீட்டுக்குப் போம்பாரா? எங்கப்பா எங்க இருக்கார்? பொரியல் வெச்சேன். உப்பு போட்டேனா போடலையா, தெரியல, திரும்பப் போட்டேன். பொண்ணு போய்ச் சேந்துச்சோ இல்லையோ. இந்தப் போன் ஏன் அடிக்க மாட்டேங்குது. அடிச்சா எடுக்கவும் பயமா இருக்கு. எங்கப்பாவுக்கு இங்கிலீஷ்ல பேசின மாதிரி அதுக்கும் பேசிட்டா? அடிச்சுது. கை ஈரத்தோட எடுத்தேன். பவானி அழுதுகிட்டே பேசறா, ‘சக்கரை நானூறைத் தாண்டிப் போச்சாம்க்கா. இன்னும் கொஞ்சம் நேரம் விட்டிருந்தா அவ்வளவுதான்னாங்க. ஊசி போட்டு பாட்டில் ஏத்தறாங்க. கண்ணு தெறந்துட்டா. பேசறா.’ தமிழ்ல சொன்னாங்களா இங்கிலீஷ்ல சொன்னாங்களான்னு கேக்க வாய் வந்துச்சு, கேக்கல. முன்னறைக்குக் கேக்கட்டும்னு சத்தமாச் சொன்னேன், ‘கண்ணு தெறந்துட்டாளாம்!’ கொஞ்ச நேரம் கழிச்சுக் கிணத்தடியில தண்ணி எறைக்கிற சத்தம். சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். கல்வத்தைத் தூக்கிகிட்டுப் போயி வெச்சு, வைக்கோலும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சுகிட்டிருக்கார். அந்தக் கனத்தை இந்த வயசுல. தேய்ச்சார், ஊத்தினார், மோந்து பாத்தார், திரும்பவும் தேய்ச்சார். நான் தினம் கழுவினதுதான். ஆனா அவர் கழுவறதை நான் தடுக்கல.

சாப்பாட்டு நேரத்துக்கு வந்து உக்காந்தார். கை கால் கழுவின ஈரம் அப்படியே. வேட்டி ஓரமெல்லாம் சாம்பல். என்னைப் பாக்கல. நான் தட்டு வெச்சேன், சோறு போட்டேன், பொரியல் வெச்சேன். எடுத்து வாயில வெச்சார். உப்பு ஒண்ணுக்கு ரெண்டா இருந்திருக்கும், ஒண்ணும் சொல்லல. ஒவ்வொரு கவளத்தையும் உத்துப் பாத்துப் பாத்துச் சாப்பிட்டார். அந்தப் பார்வை என்னைக் கொன்னுச்சு. இனிமே நான் போடற எதையும் இப்படித்தான் பாத்துச் சாப்பிடுவாரா? சாகற வரைக்கும் இப்படியா? ‘மோரு ஊத்தட்டுமாங்க’ன்னேன். எச்சில் கையைத் தட்டு மேலயே வெச்சுகிட்டார். இப்ப எந்திரிச்சுடுவார், எந்திரிச்சு எங்கேயோ போயிடுவார்னு நெனச்சேன். எந்திரிக்கல. மடியிலேருந்து அந்த அட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினார். அப்புறம் இடது கையை ஈரம் போக வேட்டியில தொடைச்சுட்டு, உள்ளங்கை மேல இருக்கற மாதிரி நீட்டினார்.

‘பொடிக்காதே’ன்னார். ‘முழுசாக் குடு. நான் என்ன முழுங்கறேன்னு எனக்குத் தெரியணும்.’

குடுத்தேன்.